மாயக்கதைப் படங்களும் விசுவாசியின் வீடும்

வேதபாடம்: உபாகமம் 18:10-12, அப்போஸ்தலர் 19:18-37



"மந்திரவாதி வர்ற படத்தைப் பிள்ளைங்க பார்க்கலாமா? அது சும்மா கதைதானே?" இது பல பெற்றோர் கேட்கிற கேள்வி. குறிசொல்லுதலும் சூனியமும் கர்த்தருக்கு அருவருப்பு என்று உபாகமம் 18 தெளிவாய்ச் சொல்லுகிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கதையை எப்படி நிதானிப்பது? நடந்த மூன்று காரியங்களைப் பார்ப்போம்.

1. ஹாரி பாட்டர்

முதல் புஸ்தகம் 1997-ல் வந்தது. படம் 2001 நவம்பரில் வந்தது. அதே டிசம்பர் 30-ம் தேதி, அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகார்டோ ஊரில் ஒரு சபையார் அந்தப் புஸ்தகங்களைத் தீயில் போட்டார்கள். அவற்றைத் தாம் வாசித்ததில்லை என்று அந்தப் போதகரே சொன்னார். பிள்ளைகள் சூனியத்தை நாடிப்போவார்களே என்ற பயம் நியாயமானது. ஆனாலும் கேட்குமுன் உத்தரவு சொல்வது புத்தியீனம் என்று நீதிமொழிகள் 18:13 எச்சரிக்கிறதே!

2. நார்னியா

நாத்திகராயிருந்து 1931-ல் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட சி. எஸ். லூயிஸ் 1950-ல் வெளியிட்ட கதை இது. 2005 டிசம்பரில் படமாயிற்று. இதிலும் சூனியக்காரி உண்டு, மந்திரம் உண்டு. ஆனால் துரோகம் செய்த ஒரு பையனுக்காகச் சிங்கம் தன் ஜீவனைக் கொடுத்து மறுபடியும் எழுந்திருக்கிறது. அநேக சபைகள் கூட்டமாய்ப் போய்ப் பார்த்தார்கள்.

3. தி கோல்டன் காம்பஸ்

பிலிப் புல்மன் 1995-ல் எழுதிய கதை, 2007 டிசம்பரில் படமாக வந்தது. மதத்துக்கு விரோதமானவற்றைப் படத்தில் வெகுவாய்க் குறைத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் அமெரிக்க கத்தோலிக்க லீக் அதைப் புறக்கணிக்கும்படி கேட்டுக்கொண்டது. ஏன்? படத்தைப் பார்த்த பிள்ளை அடுத்து புஸ்தகத்தைக் கேட்கும். 2000-ல் வந்த மூன்றாம் புஸ்தகத்திலோ, சிருஷ்டிகர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கிழவன் காற்றில் கரைந்துபோகிறான்.

கவனியுங்கள். "மந்திரம் இருக்கா, இல்லையா" என்று மட்டும் கேட்டால் நார்னியாவையும் தள்ளவேண்டும். மந்திரமே இல்லாத படமோ விபசாரத்தையும் பழிவாங்குதலையும் இனிப்பாக்கி நம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். நாமும் சோறு பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்போம்!

எபேசுவில் 50,000 வெள்ளிக்காசு பெறும் புஸ்தகங்கள் எரிந்தன (19:19). அவை யாருடையவை? மாயவித்தை செய்துவந்தவர்களின் சொந்தப் புஸ்தகங்கள். மனந்திரும்பினவர்கள் தாங்களாகவே கொண்டுவந்தார்கள். பிறர் வீட்டுக்குள் போய் யாரும் பிடுங்கவில்லை. அந்தப் பட்டணத்துச் சம்பிரதியானவனே, இவர்கள் நம் தேவியைத் தூஷிக்கவில்லை என்று சாட்சி சொன்னான் (19:37). தங்கள் பாவத்தைச் சுட்டெரித்தார்கள், அயலானை இகழவில்லை. இதுவல்லவா எழுப்புதல்!

வீட்டில் செய்யவேண்டியது:

அ) பிள்ளைக்குமுன் நீங்கள் பாருங்கள், வாசியுங்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி 1 தெசலோனிக்கேயர் 5:21 நமக்குக் கட்டளையிடுகிறது.

ஆ) இந்தக் கதை எதை நேசிக்கச் செய்கிறது, யாரைப் பரியாசம் பண்ணச் செய்கிறது என்று கேளுங்கள்.

இ) பிள்ளை மந்திரத்தைச் செய்துபார்க்க ஆசைப்பட்டால், அல்லது இரவில் பயந்தால், அங்கேயே நிறுத்துங்கள். மற்றப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்காதீர்கள்.

ஈ) "வேணாம்னா வேணாம்" என்று அதட்டாதீர்கள். காரணம் சொல்லுங்கள். காரணம் தெரியாத பிள்ளை நமக்குத் தெரியாமல் பார்க்கும். அப்போது கூடவிருந்து விளக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில், பிலிப்பியர் 4:8-ஐ வாசித்து, பிள்ளைகளுக்குப் பிடித்த படத்தைப்பற்றி அவர்களையே பேசவிட்டுக் கேளுங்கள். ஞானத்தைத் தருகிற கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக. ஆமென்.