வாயென்னும் திரிகை

தருமபுரி மாவட்டம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் அங்கு விளைவன. அம்மாவட்டத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கேழ்வரகு அரைக்கும் திரிகையைக் காணலாம். வட்டமான இரண்டு கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். கீழ்க்கல் அசையாது கிடக்க, மேற்கல் அதன்மேல் சுழலும். நடுவிலுள்ள குழியில் இட்ட தானியம் இரண்டற்கும் இடையே நசுங்கி, மாவாகி விளிம்பில் உதிரும். இத்திரிகையினும் நுட்பமான திரிகையொன்று நம் ஒவ்வொருவர் முகத்திலும் அமைந்துள்ளது. அதுவே வாய். இதனிடத்து ஒரு வேறுபாடு உண்டு. இங்கு மேற்கல் அசையாது நிற்கும். கீழ்க்கல்லே அசைந்து தொழில் புரியும்.

நம் மண்டையோட்டின் எலும்புகள் தையலிட்டாற்போல ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியவை. மேல்தாடையும் அவ்வாறே முகத்தெலும்புகளுடன் பிணைந்து அசைவற்று நிற்கிறது. செவியினுள் இருக்கும் சிற்றெலும்புகளை நீக்கிப் பார்த்தால், தலையில் அசையும் எலும்பு கீழ்த்தாடை ஒன்றே. அது குதிரை லாடத்தின் வடிவினது. முகத்தெலும்புகளுள் பெரியதும் வலியதும் அதுவே. அதன் இருமுனைகளும் பின்புறத்தில் மேல்நோக்கி எழுந்து, செவிகளுக்குச் சற்று முன்னர் மண்டையோட்டிலுள்ள குழிகளில் பொருந்துகின்றன. இப்பொருத்தே தாடை மூட்டு எனப்படும்.

மாணவர்களே! உங்கள் சுட்டுவிரல்களை இரு செவிகளின் முன்புறத்தில் வைத்து, வாயை மெல்லத் திறந்து பாருங்கள். முதலில் எலும்பின் முனை இருந்த இடத்திலேயே சுழலும். வாயை மேலும் அகலத் திறக்கும்போது அம்முனை முன்நோக்கி நழுவுவதையும், விரலின்கீழ்ச் சிறு பள்ளம் தோன்றுவதையும் உணர்வீர்கள். கதவின் கீல் ஓரிடத்தில் நின்று சுழலுமேயன்றி நழுவ மாட்டாது. தாடையின் கீலோ சுழலவும் வல்லது, நழுவவும் வல்லது. எலும்போடு எலும்பு உராயாதவாறு இரண்டற்கும் இடையே மெத்தை போன்றதொரு தட்டும் அமைந்துள்ளது. இத்தகைய மூட்டு இருப்பதனாலேயே நாம் கடிப்பதோடு நில்லாமல், தாடையைப் பக்கவாட்டில் அசைத்து உணவை அரைக்கவும் முடிகிறது.

திரிகையைச் சுழற்றக் கை வேண்டும். தாடையை இயக்குபவை தசைகள். மெல்லுதற்கென அமைந்த முதன்மைத் தசைகள் நான்கு இணை. பற்களை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்தால், கெட்டியாகப் புடைத்தெழும் தசை ஒன்று தென்படும். அது கன்னத்தெலும்பிலிருந்து இறங்கித் தாடையின் வெளிக்கோணத்தைப் பற்றியிருப்பது. நெற்றிப் பொட்டில் விரல் வைத்துக் கடித்தால் அங்கும் ஓர் அசைவு தோன்றும். அது விசிறிபோல் விரிந்த பொட்டுத் தசை. மூன்றாவது தாடையின் உட்புறத்தில் மறைந்திருப்பது. அதுவும் கன்னத்துத் தசையும் குழந்தையைத் தாங்கும் தூளியைப்போலத் தாடையின் கோணத்தை இருபுறமும் ஏந்திக் கொள்கின்றன. இம்மூன்றும் வாயை மூடுவன. நான்காவது தசையோ தாடையின் முனையை முன்னே இழுத்து, வாய் திறத்தற்குத் துணை செய்யும். வலமும் இடமும் மாறி மாறிச் சுருங்கித் தாடையைப் பக்கவாட்டிலும் செலுத்தும்.

இத்தசைகளுக்கு ஆணையிடுவது மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பின் ஒரு கிளை. சோற்றில் கிடந்த சிறுகல் பல்லில் பட்ட அக்கணமே, நாம் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே தாடை தானாக நின்றுவிடுகிறதன்றோ? பற்கள் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டவை அல்ல. மெல்லிய நார்களால் அவை குழிகளில் பிணைக்கப்பட்டுள்ளன. அந்நார்களினிடையே உள்ள நரம்பு முனைகளே கல்லின் வரவை உடனே அறிவித்துத் தாடையைத் தடுக்கின்றன.

அரைபடும் உணவு பற்களினின்று விலகி ஓடாதிருக்க வேண்டும். நாவு அதனை உள்ளிருந்து தள்ளுகிறது. கன்னத்தின் உட்புறத்திலுள்ள மெல்லிய தசை வெளியிலிருந்து தள்ளுகிறது. நாகசுரம் ஊதுவோர் காற்றை உந்துதற்குப் பயன்படுத்துவதும் இக்கன்னத் தசையே. இலத்தீன் மொழியில் இத்தசைக்கு ஊதுகொம்பு இசைப்போன் என்னும் பொருளில் பெயர் வழங்குவது கருதத்தக்கது.

இனி, திரிகையின் கற்களாகிய பற்களைக் காண்போம். குழந்தைப் பருவத்தில் தோன்றும் பாற்பற்கள் 20. அவை விழுந்தபின் நிலைத்து நிற்கும் பற்கள் 32. அவற்றுள் வெட்டுவன 8. கிழிப்பனவாகிய கோரைப்பற்கள் 4. நொறுக்கும் முன்கடைவாய்ப் பற்கள் 8. அரைக்கும் பின்கடைவாய்ப் பற்கள் 12. ஏறத்தாழ ஆறாம் வயதில், பாற்பல் எதுவும் விழாமலேயே, அவற்றின் பின்னால் முதற் கடைவாய்ப்பல் முளைத்துவிடும். அதனையும் பாற்பல் என்று எண்ணிப் பெற்றோர் பலர் பேணாது விடுவர். வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டிய பல் அது என்பதை மறத்தலாகாது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நெல்லிக்கனியைக் கடித்தவுடன் வாயில் நீர் ஊறுகிறது. அந்நீரைச் சுரப்பவை முதன்மையாக மூன்று இணைச் சுரப்பிகள். செவியின் முன்கீழ்ப்புறத்தில் ஓரிணையும், தாடையின் கீழ் ஓரிணையும், நாவின் கீழ் ஓரிணையும் உள்ளன. நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும் என்பர். அது உணவை நனைத்து வழுவழுப்பாக்குகிறது. மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் வேலையையும் தொடங்கி வைக்கிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றுவது இதனாலேயே.

தருமபுரி வட்டாரத்தில் கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கும் வழக்கமுண்டு. களி முன்னரே திரிகையில் அரைபட்டு, நீரில் வெந்து குழைந்தது. வாயின் தொழிலைக் கல்லும் அடுப்பும் ஓரளவு செய்து முடித்துவிட்டன. வறுத்த கொள்ளையோ நிலக்கடலையையோ அவ்வாறு விழுங்க இயலுமா? இயலாது. “நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்று நம் முன்னோர் கூறியது, வாய்த் திரிகையை வாளா விடாதீர் என்பதற்கேயாகும்.

உண்பதற்கேயன்றி உரைப்பதற்கும் வாயே கருவி. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறத்தற்குரிய இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டினையும் வகுத்துரைக்கிறது. ‘த’ என்று ஒலித்துப் பாருங்கள். நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ‘வ’ என்று ஒலித்தால் மேற்பல் கீழிதழைச் சாரும். “பல் போனால் சொல் போச்சு” என்னும் பழமொழியில் இலக்கணமும் அடங்கியிருக்கிறது.

இத்துணைத் தொழிலுக்கும் ஈடுகொடுக்கும் பல் எதனால் ஆயது? அதன் நடுவே குருதிக் குழாய்களும் நரம்பும் ஓடும் பற்கூழ் உள்ளது. அதனைச் சூழ்ந்திருப்பது டென்டைன் என்னும் பொருள். அதன்மேல், ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியைப் போர்த்திருப்பது எனாமல். நம் உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. அதன் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு கனிமமே. ஆயினும் இவ்வலிய கவசத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. எனாமலை ஆக்கும் உயிரணுக்கள், பல் ஈறைப் பிளந்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. திரிகைக் கல் தேய்ந்தால் உளிகொண்டு கொத்திக் கூர்மையாக்கலாம். எனாமலோ வாழ்நாளில் ஒருமுறையே ஆக்கப்படுவது. பழுதுபட்டால் மீண்டும் வளராதது. ஞானப்பற்கள் ஒழிந்த ஏனைய நிலைப்பற்களின் எனாமல் பிறப்பு முதல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் தாடையினுள்ளேயே உருவாகி முடிந்துவிடும். ஆதலின், அப்பருவத்தில் குழந்தை பருகும் நீர் பல்லின் எதிர்காலத்தை வரைகின்றது எனலாம்.

இவ்வுண்மையைத் தருமபுரி மாவட்டம் துன்பத்தின் வாயிலாக அறிந்தது. அம்மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் மக்களின் பற்களில் வெண்கோடுகளும் மஞ்சள், பழுப்பு நிறக் கறைகளும் காணப்பட்டன. சிலர் பற்களில் குழிகளும் விழுந்திருந்தன. இத்தகைய கறை பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901-ஆம் ஆண்டு தொழில் புரியச் சென்ற மெக்கே என்னும் பல் மருத்துவர் அதனைக் கண்டு வியந்து, காரணம் தேடலானார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1931-இல், சர்ச்சில் என்னும் வேதியல் அறிஞர் அத்தகைய ஊர்களின் நீரில் புளூரைடு என்னும் உப்பு மிகுந்திருத்தலைக் கண்டறிந்தார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், பல்லோடு எலும்பும் கெட்டு முதுகு விறைத்துப்போன மக்களைப் பற்றி 1937-இல் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். புளூரோசிஸ் எனப்படும் இந்நோய் இந்தியாவில் உண்டென்பது அதனால் உலகுக்குத் தெரியவந்தது.

தருமபுரியின் நிலத்தடியில் கிடப்பவை மிகப் பழைய கடும்பாறைகள். அவற்றிலுள்ள சில கனிமங்களில் புளூரைடு கலந்திருக்கிறது. மழை குறைந்த நிலத்தில், பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதனைக் கரைத்துக் கொள்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் அந்நீரையே மேலே கொணர்கின்றன. நீர் தெளிவாக இருக்கும். சுவையாலோ மணத்தாலோ குற்றம் தோன்றாது. சிறிதளவு புளூரைடு பற்சொத்தையைத் தடுக்கும் நன்மருந்தே. ஆயினும், குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் அளவை மிஞ்சலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அளவு மிஞ்சினால், உருவாகிக் கொண்டிருக்கும் எனாமல் செறிவின்றி அமைந்து, பின்னர்க் கறை ஏறுதற்கு இடமளிக்கும். பல்லாண்டுகள் தொடர்ந்து பருகுவோர்க்கு எலும்பும் மூட்டும் கெடும். அமிழ்தும் அளவு மிஞ்சினால் நஞ்சாகும் என்பது இங்கு மெய்யாதல் காண்க.

நோய்க்குக் காரணம் தெரிந்தபின் தீர்வு தேடுதல் எளிதாயிற்று. தருமபுரி மாவட்டத்தின் எல்லையிலேயே ஒகேனக்கலில் காவிரி பாய்ந்து வீழ்கிறது. அவ்வாற்று நீரைத் தூய்மைசெய்து, தருமபுரி மாவட்டத்துக்கும், 2004-ஆம் ஆண்டில் அதனின்று பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் குழாய்வழிக் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் அமைந்த அத்திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஊர்மக்கள் பலர் பருகும் நீர் அதனால் மாறியது.

நாம் செய்யத்தக்கனவும் சில உண்டு. குழாயில் வரும் ஆற்றுநீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் முதலில் ஒதுக்குக. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்தறியாமல் குழந்தைகளுக்குப் பருகக் கொடாதீர். நீரைக் காய்ச்சினால் கிருமிகள் அழியும், புளூரைடு அழியாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு மிகவே செய்யும். மழைநீரில் இக்குற்றம் இல்லையாதலின், அதனைத் தூய்மையாகச் சேர்த்து வைத்தல் நன்று. முன்னரே ஏறிய கறையைச் செங்கற்பொடியாலும் கரித்தூளாலும் தேய்த்துப் போக்க முயல்வது, எஞ்சிய எனாமலையும் இழப்பதாய் முடியும். அக்கறையை மறைக்கும் வழிகள் பல் மருத்துவரிடம் உண்டு.

இறுதியாக ஒன்று. பழுப்பேறிய பல்லுடைய பிள்ளைகள் சிரிக்க நேரும்போது கையால் வாயை மூடிக்கொள்வர். வகுப்பில் விடை தெரிந்தும் வாய் திறவாதிருப்பர். பல் துலக்காத சோம்பல் என்றும், பரம்பரைக் குற்றம் என்றும் பிறர் பழிப்பரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அக்கறை சோம்பலால் வந்ததன்று, குடிவழியால் வந்ததுமன்று. பேச்சு முதிராத பருவத்தில் அவர்கள் பருகிய நீர் எழுதிச் சென்ற எழுத்து அது. இதனை அறிந்த மாணவன் எவரையும் பல்லைப் பார்த்து நகையாடான். தன் தோழன் அச்சமின்றி வாய் திறந்து பேசவும் சிரிக்கவும் துணைநிற்பான். தன் வீட்டுக் குழந்தைக்கு நல்ல நீரே கிட்டுமாறும் பார்த்துக்கொள்வான்.