பழைய டிவி கேமை இணைக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்பில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், யாராவது ஒரு பிள்ளை பழைய அட்டைப்பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். உள்ளே அப்பாவோ மாமாவோ சின்ன வயதில் விளையாடிய டிவி கேம் இருக்கும். ஒரு வீட்டில் லிட்டில் மாஸ்டர், ஒரு வீட்டில் மீடியா, இன்னொரு வீட்டில் செகா மெகா டிரைவ். "தாத்தா, இது செத்துப்போச்சு" என்பார்கள். டிவி ரிப்பேர் பார்த்தே காலம் கழித்தவன் சொல்கிறேன்: பெரும்பாலும் பெட்டி சாகவில்லை, இணைத்த வரிசைதான் தப்பு. அந்த வரிசையை இங்கே எழுதித் தருகிறேன். ஒன்றிலிருந்து தொடங்குங்கள், எதையும் தாண்டாதீர்கள்.

1. முதலில் அடாப்டரைப் படியுங்கள். பின் உள்ளே நுழைகிறது என்பதற்காக எதையும் செருகக்கூடாது. அமெரிக்காவில் விற்ற பழைய நிண்டெண்டோவின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தரும். முதல் மெகா டிரைவுக்கு 9 வோல்ட் டிசி வேண்டும், அதுவும் நடுமுனை நெகட்டிவாக. வீட்டில் கிடக்கும் ரௌட்டர் அடாப்டரோ பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். ஒரு தம்பி அதை எடுத்து மாட்டிவிட்டான். மூடியைத் திறந்தேன். கெப்பாசிட்டர் தலை உப்பி வெடித்திருந்தது. பக்கத்தில் 7805 என்ற மூன்றுகால் ஐசியின் முகத்தில் மயிரிழை போல விரிசல். இரண்டையும் மாற்றினேன். இரண்டுமே டீக்காசுக்குக் கிடைக்கிற சாமான்கள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் எரிந்த கேம் சிப்பை எங்கே போய் வாங்குவது? வோல்ட், ஏசியா டிசியா, நடுமுனை எது என்ற மூன்றையும் பெட்டியின் அடிப்பக்கத்தில் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

2. ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இங்கே ஐடி வேலையில் இருப்பவர்கள் டோக்கியோ போய் வரும்போது ஃபேமிகாம் வாங்கி வருகிறார்கள். அதன் அடாப்டர் 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230. பின்னை மாற்றும் சின்ன சாக்கெட் வோல்ட்டைக் குறைக்காது. குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைச் சுவரில் செருகவே கூடாது.

3. மஞ்சள் ஓட்டை இருந்தால் மஞ்சளையே பயன்படுத்துங்கள். பல பெட்டிகளில் ஆன்டெனா ஒயர், ஏவி ஒயர் என இரண்டுக்கும் வழி இருக்கும். ஏவியில் படம் துல்லியமாக வரும், டியூன் பண்ணும் வேலையும் இல்லை. மஞ்சளில் படம், வெள்ளையில் சத்தம். சிவப்பு இல்லையே என்று கவலை வேண்டாம். அந்தக் கேம்களில் பலவும் ஒற்றைச் சத்தம்தான்.

4. புது டிவியில் மஞ்சள் ஓட்டை காணோமா? பச்சை ஓட்டையைப் பாருங்கள். பல டிவிகளில் பச்சையும் மஞ்சளும் ஒன்றாக இருக்கும், அங்கே மஞ்சள் பின்னைச் செருகி உள்ளீட்டை ஏவி என்று வையுங்கள். கம்போனென்ட் என்று வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகும். சில டிவிகளில் இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கும். அதற்கு டிவியோடு வந்த ஒயரே சரி. வேறு ஒயரில் வளையங்களின் வரிசை மாறி, படத்துக்குப் பதில் காதில் இரைச்சல் கேட்கும்.

5. எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது என்றால் கன்வர்ட்டர் வாங்குங்கள். திசை முக்கியம்: ஏவி உள்ளே, எச்டிஎம்ஐ வெளியே. எதிர்த்திசையில் வேலை செய்வதும் அதே டப்பாவில், அதே விலையில் விற்கிறது. முதல் தடவை வாங்கும் பலரும் அதைத்தான் தூக்கி வருகிறார்கள். கையில் பார்த்து வாங்க வேண்டுமானால் மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சை லைன் மாறி சிக்பேட்டையில் இறங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு நடக்கிற தூரம்தான்.

6. ஆன்டெனா ஒயர்தான் கதி என்றால் பொறுமையாக டியூன் பண்ணுங்கள். கேசட்டைப் போட்டு, கேமை ஆன் பண்ணிவிட்டுத் தேடுங்கள். டிவியில் டிஜிட்டல் தேடல் வேண்டாம், அனலாக். சில பெட்டிகள் சேனல் 3, 4 பக்கம் வரும். சில யுஎச்எஃப் 36ஐ ஒட்டி வரும். ஆட்டோ தேடல் மங்கலான படத்தைத் தாண்டிப் போய்விடும். கையால் மெல்ல நகர்த்துங்கள். புள்ளிமழைக்கு நடுவே மாரியோவின் தொப்பி தெரியும், அங்கே நிறுத்துங்கள்.

7. கறுப்பு வெள்ளையில் படம் வந்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். நம் நாட்டு அனலாக் டிவி முறை பால் (PAL), அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்தியது என்டிஎஸ்சி. நிறத்தைச் சுமக்கும் அலை இரண்டிலும் வேறு. ஆன்டெனா ஒயர் வழியாக வந்தால் சத்தத்தின் இடமும் மாறும்: அங்கே படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, இங்கே 5.5. அதனால் படம் இருக்கும், பேச்சு இருக்காது. டிவி மெனுவில் நிற முறையை ஆட்டோ அல்லது என்டிஎஸ்சி என்று மாற்றி, ஏவி ஒயரில் இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

8. படம் வந்த பிறகு இரண்டு மாற்றம். அகலத்தை 4:3 ஆக்குங்கள், இல்லையென்றால் மாரியோ குள்ளமாகத் தெரிவான். பிறகு கேம் மோடை ஆன் பண்ணுங்கள். புது டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பட்டனை அழுத்தி, அவன் தாமதித்துக் குதித்தால் குழியில்தான் விழுவான்.

9. வாத்து சுடும் துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யாது. அது பழைய பிக்சர் டியூப் திரையின் மின்னலைப் பார்த்துக் கணக்கிடுவது. துப்பாக்கியைக் கழற்றிப் பழுது தேடாதீர்கள்.

10. கேசட்டை ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செம்புப் பின்னை அரிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, உலரவிட்டுப் போடுங்கள். பவர் ஆஃபில் இருக்கும்போதுதான் கேசட்டைப் போடவும் எடுக்கவும் வேண்டும். இங்கே கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் அந்த இடைவெளியில் பெட்டி ஆனில் இருக்க வேண்டாம். கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

11. பழைய பிக்சர் டியூப் டிவி கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது தொழில் தெரிந்தவர் தொடவேண்டிய இடம்.

பிள்ளைகளே, பெற்றவர்களே, ஒரு வேண்டுகோள். மின்கழிவு வண்டி வரும் நாளில் இந்தப் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அடாப்டர், ஒயர், டிவி மெனு, கேசட் பின், இந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள். நான்கும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் அப்போது பழுது என்று சொல்லலாம். அன்றைக்கும் கொடுப்பதற்கு முன் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.