பதிவு யார் கையில்? வீட்டுக் கமராவும் அதன் படங்களும்

வீட்டுக்குக் கமரா பூட்டுவது ஒரு காலத்தில் வங்கிக்கும் நகைக்கடைக்கும் உரிய காரியமாயிருந்தது. இன்று வெளிநாட்டிலுள்ள பிள்ளை காசு அனுப்பினால் அடுத்த கிழமையே எமது படலையிலும் ஒரு கமரா ஏறிவிடுகிறது. நீரிறைக்கும் மோட்டரும் மிதிவண்டியும் ஆடும் விதை வெங்காயமும் களவு போகும் ஊரில் இதை ஆடம்பரம் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. மீளக் குடியேறி, கடன்பட்டுத் தோட்டஞ் செய்யும் குடும்பத்திற்கு மோட்டர் களவு போவதென்றால் ஒரு போகமே களவு போவதாகும்.

ஆயினும் கமரா வாங்கும்போது கடைக்காரர் கேட்கும் ஒரு கேள்விக்கு எம்மிற் பலர் யோசியாமலே பதில் சொல்லிவிடுகின்றோம். படத்தை வீட்டிலேயே பதிவதா, கிளவுட்டில் பதிவதா என்பதே அக்கேள்வி. கமராவின் விலையையும் படத்தின் தெளிவையும் பற்றி அரைமணி நேரம் விசாரிக்கும் நாம், பதிவு எங்கே போய்ச் சேருகிறது என்பதை விசாரிப்பதில்லை. இப்பாடத்தில் அதனையே ஆராய்வோம்.

இரு குடும்பங்களின் அனுபவம்

எமக்குத் தெரிந்த குடும்பமொன்று நான்கு கமராக்கள் பூட்டி, பதிவுப்பெட்டியை விறாந்தையில் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்திருந்தது. எல்லோரும் கலியாண வீட்டுக்குப் போயிருந்த இரவில் கள்ளர் வந்தனர். தொலைக்காட்சியோடு பதிவுப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டனர். நான்கு கமராக்களும் கள்ளரை நன்றாகவே பார்த்தன. ஆனால் பார்த்தது முழுவதும் கள்ளரோடேயே போய்விட்டது.

மற்றக் குடும்பம் கிளவுட்டை நம்பியது. மழையிரவில் மின்சாரம் தடைப்பட்டது. அன்றுதான் கிணற்று மோட்டர் போயிற்று. ரவுட்டர் அணைந்து கிடந்தபடியால் படம் எதுவும் வெளியே செல்லவில்லை. கமராவினுள் மெமரி கார்ட்டும் போடப்படவில்லை.

முதற் குடும்பத்தின் பதிவு வீட்டைவிட்டு வெளியே போகவில்லை; இரண்டாவது குடும்பத்தின் பதிவு வீட்டில் தங்கவில்லை. எது நல்ல முறை என்று பொதுவாகக் கேட்பதிற் பயனில்லை என்பதை இவ்விரு அனுபவங்களும் காட்டுகின்றன. எமது வீட்டில் எது முதலிற் கைவிடும் என்றே கேட்க வேண்டும்.

இரு முறைகளும் எவை?

வீட்டிலேயே பதிவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, கமராவின் உள்ளேயே விரல்நக அளவான மெமரி கார்ட்டைப் போடுவது. மற்றது, எல்லாக் கமராக்களையும் ஒரு பதிவுப்பெட்டியுடன் இணைப்பது. அப்பெட்டியினுள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். கடைகளில் இதனை டீ.வீ.ஆர். அல்லது என்.வீ.ஆர். என்பர். இரண்டிலும் இடம் நிரம்பியதும் மிகப் பழைய படம் அழிந்து, அதன்மேற் புதிய படம் ஏறும்.

கிளவுட் என்றால் முகில். ஆனால் படம் வானத்திற்குப் போவதில்லை. எமது இணைய இணைப்பின் வழியாக வேறொரு நிறுவனத்தின் கட்டடத்திலுள்ள கணினிக்குப் போய்ச் சேருகிறது. அக்கட்டடம் பெரும்பாலும் வேறு நாட்டில் இருக்கும். அங்கே இடம் தருவதற்கு மாதந்தோறும் கட்டணம் அறவிடுவர். குறித்த சில நாட்களுக்கே படங்களை வைத்திருப்பர். கட்டணம் நின்றால் பதிவும் நிற்கும். மகனின் வங்கி அட்டை காலாவதியானால் இங்கே எமது கமராவின் பதிவும் நின்றுபோகும் என்பதை மறத்தலாகாது.

ஒரு சிறு கணக்கு

சாதாரணமான, தெளிவான ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிட் அளவில் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே செக்கனுக்கு 0.25 மெகாபைட், நிமிடத்திற்கு 15 மெகாபைட், மணித்தியாலத்திற்கு 900 மெகாபைட் ஆகும். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 21.6 கிகாபைட் வரும்.

இதன்படி 64 கிகாபைட் கார்ட் மூன்று நாட்களுக்குக்கூடச் சற்றுக் குறைவாகவே போதும். 128 கிகாபைட் கார்ட்டில் ஆறு நாட்கள் வரை தங்கும். 1,000 கிகாபைட் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கமராவின் படம் 46 நாட்களும், நான்கு கமராக்களின் படம் 11 நாட்களும் இருக்கும். படத்தைக் கூடுதலாகச் சுருக்கும் எச். 265 என்னும் முறை கமராவில் இருந்தால் இந்நாட்கள் ஏறக்குறைய இரட்டிக்கும்.

இதே படத்தை நாள் முழுவதும் கிளவுட்டுக்கு அனுப்பினால் 30 நாட்களில் 648 கிகாபைட் டேற்றா செலவாகும். எமது கிராமங்களில் 4ஜி ரவுட்டருக்கு மாதப் பொதி போடும் பெரும்பாலான குடும்பங்களால் இது இயலாத காரியம். ஆகவே ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் சிறு துண்டுப் படத்தை அனுப்பும்படி வைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 30 துண்டுகள், ஒவ்வொன்றும் 20 செக்கன் என்றால் மொத்தம் 10 நிமிடம். அது 150 மெகாபைட் ஆகும். மாதத்திற்கு 4.5 கிகாபைட் போதும். ஆனால் கமரா கோழியையும் ஆடும் வாழையிலையையும் ஆள் என்று எடுத்துக்கொண்டால் இக்கணக்கு ஒரு கிழமையிற் குழம்பிவிடும். எனவே கமராவைத் திருப்பும் திசையையும், அது கவனிக்க வேண்டிய எல்லையையும் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும்.

எது எப்போது கைவிடும்?

வீட்டுப் பதிவுக்கு மின்சாரம் மட்டும் இருந்தாற் போதும். கிளவுட்டுக்கு மின்சாரம், ரவுட்டர், தொலைபேசிக் கோபுரம், டேற்றாப் பொதி, மாதக் கட்டணம் ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் திடீரென மின்சாரம் நின்றது. இத்தகைய வேளைகளில் கிளவுட் எமக்குத் துணையிராது.

ஆனால் சிறிய பற்றரியொன்று பெருமளவு உதவும். ஒரு கமராவும் ஒரு ரவுட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 15 வாற் எடுக்கும் என்று கொள்வோம். 12 வோல்ற், 20 அம்பியர்மணிப் பற்றரியில் பாதியை மட்டும் பாவித்தாலும் 8 மணித்தியாலம் ஓடும். ஓரிரவுக்கு அது போதும்.

வீட்டுப் பதிவு கைவிடுவது வேறு விதமாக. பெட்டி களவு போகலாம், வெள்ளத்தில் நனையலாம், கார்ட் தேய்ந்து பழுதாகலாம். இரவும் பகலும் எழுதி அழிக்கப்படும் கார்ட் சாதாரணக் கைத்தொலைபேசிக் கார்ட்டைப்போல நெடுநாள் உழைக்காது. கமராவுக்கென்று விற்கப்படும் நீடித்துழைக்கும் வகையையே வாங்குதல் வேண்டும்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. காணி உறுதியை ஒரே பெட்டியில் வைத்திருந்தவர் பெட்டியோடு உறுதியையும் இழந்தார். தமையன் வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்தவர் பின்னர் தமது காணிக்காகப் பேசக்கூடியவராயிருந்தார். ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் பதிவு, பாதி இழந்த பதிவே.

படத்தை வேறு யார் பார்க்கலாம்?

இதுவே எம்மவர் மிகக் குறைவாகச் சிந்திக்கும் பகுதி. எமது வீடுகளிற் பெண்கள் கிணற்றடியிற் குளிக்கின்றனர். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுகின்றனர். மோட்டரைக் காக்கவென்று கிணற்றைப் பார்க்கப் பூட்டிய கமரா, குளிப்பவரையும் பார்க்கிறது. அப்படம் கிளவுட்டுக்குப் போனால் வேறொருவரின் கணினியில் இருக்கும்.

இது வீண் பயமன்று. அமெரிக்காவில் ரிங் என்னும் கமரா நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளரின் வீட்டுப் படங்களைப் பார்க்கக்கூடியவாறு விடப்பட்டிருந்தனர் என்றும், பெண்களின் படுக்கையறை, குளியலறைப் பதிவுகளை ஊழியர் ஒருவர் பார்த்தார் என்றும் அந்நாட்டின் வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. 2024 பெப்ரவரியில் வைஸ் என்னும் நிறுவனத்தின் தவறால் ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் கமராவின் படங்கள் காட்டப்பட்டன.

வீட்டிலேயே பதிந்தால் இத்தொல்லை இல்லை என்றும் இருந்துவிட முடியாது. 2022 நவம்பரில், வீட்டிலேயே பதிவதாக விளம்பரம் செய்யப்பட்ட யூஃபி கமராக்கள் சிறு படங்களைக் கிளவுட்டுக்கும் அனுப்புவதை ஆய்வாளர் ஒருவர் கண்டு வெளியிட்டார். 2016இல் பரவிய மிராய் என்னும் கணினிக் கிருமி, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கமராக்களுக்குள்ளும் பதிவுப்பெட்டிகளுக்குள்ளும் பெருந்தொகையாகப் புகுந்தது. கடவுச்சொல்லை மாற்றாத பெட்டி, திறப்பைக் கதவிலேயே விட்ட அலுமாரிக்குச் சமன்.

ஆதலால் முதல் விதி இது: கமராவைக் கிணற்றடிக்கும் அயலவர் வளவுக்கும் திருப்பாதீர்கள். மோட்டரைக் காக்க வேண்டுமானால் மோட்டர்க் கொட்டிலின் கதவை மட்டும் பார்க்கும்படி பூட்டுங்கள். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தம்மைப் பிறர் கண்காணிப்பது எத்தகையது என்பதை அறிந்த மக்கள் நாம். அதனை அயலவர்க்கு நாமே செய்தலாகாது.

யாருக்கு எது பொருந்தும்?

1. உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்போர்: கமராவினுள் கார்ட் போடும் முறையே போதும். வயர் இழுத்துப் பதிவுப்பெட்டி பூட்டினால் வீடு மாறும்போது அச்செலவு வீணாகும். கமராவையும் கார்ட்டையும் கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம்.

2. சொந்த வளவில் குடியிருப்போர்: நாள் முழுவதுமான பதிவு வீட்டிலேயே இருக்கட்டும். பதிவுப்பெட்டியைக் காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலுமாரியில், நிலத்திலிருந்து உயரத்தில் வையுங்கள். படலைக் கமராவின் துண்டுப் படங்கள் மட்டும் கிளவுட்டுக்குப் போகட்டும்.

3. ஆளில்லாத தோட்டக் காணி உள்ளோர்: இங்கே கமராவையே கழற்றிக்கொண்டு போகக்கூடும், கார்ட்டும் அதனோடு போகும். எனவே சோலார் தகடும் சிம்மும் உள்ள கமராவைப் பூட்டித் துண்டுப் படங்களைக் கிளவுட்டுக்கு அனுப்புவதே பொருந்தும். ஆளில்லாத இடமாதலால் அந்தரங்கம் பற்றிய அச்சமும் குறைவு. பூட்டுமுன் கைத்தொலைபேசியை அவ்விடத்திற்குக் கொண்டுபோய்ச் சிக்னல் உண்டா என்று பாருங்கள்.

4. சங்கக் களஞ்சியம்: பதிவுப்பெட்டியே ஏற்றது. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது. யார், எப்போது, யார் முன்னிலையிற் படத்தைப் பார்க்கலாம் என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவையுங்கள்.

பூட்டிய பின்னர்

கமரா பூட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. மாதம் ஒருமுறை நேற்றைய படத்தைத் திறந்து பாருங்கள். பல வீடுகளிற் கார்ட் பழுதாகியது, களவு நடந்த பின்னரே தெரியவருகிறது. திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். மின்வெட்டின்பின் சில கருவிகளில் நேரம் பிழைத்துவிடும்.

களவு நடந்தால் அன்றைக்கே அத்துண்டைப் பிரதி எடுங்கள். எமது கணக்கின்படி 64 கிகாபைட் கார்ட்டில் மூன்றாம் நாளிலேயே அப்படம் அழியத் தொடங்கும். பிரதியை வெட்டாமல், மாற்றாமல், பெயரெழுதி வையுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய பதிவுகளை நீதிமன்றிற் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. ஆனால் பதிவு திருத்தப்படாததாக இருத்தல் வேண்டும். முகநூலில் முதலிற் போட்டுவிட்டுப் பின்பு பொலிசுக்குப் போவது முறையன்று. இருட்டில் மங்கலாகத் தெரியும் முகத்தை அயலான் முகம் என்று ஊரெல்லாம் பரப்பினால், களவு போன மோட்டரிலும் பெரிய இழப்பு நேரிடும்.

சுருங்கச் சொல்லின், நாள் முழுவதுமான பதிவு எமது வீட்டில் இருக்கட்டும். களவைக் காட்டக்கூடிய சில கணங்களின் பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வெளியே போகும் படம் படலையின் படமாயிருக்கட்டும்; வீட்டாரின் வாழ்க்கையின் படமாய் இருத்தலாகாது.

குழுவிற் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் கடந்த ஆண்டில் களவு போனவை எவை? அவற்றுள் எத்தனையைக் கமரா தடுத்திருக்கும்? நல்ல பூட்டும் விளக்கும் அயலவரின் கண்ணும் எத்தனையைத் தடுத்திருக்கும்?

2. எமது வீட்டில் முதலிற் கைவிடக்கூடியது எது? மின்சாரமா, சிக்னலா, மாதக் கட்டணமா, பெட்டியை வைத்த இடமா?

3. எமது கமராவிற் பிறர் வளவோ கிணற்றடியோ தெரிகிறதா? இன்றைக்கே அதனைத் திருப்ப முடியுமா?

4. கடவுச்சொல் யாரிடம் உள்ளது? கடைக்காரர் இட்ட கடவுச்சொல்லே இன்னும் இருக்கின்றதா?