பாடம் 12: விளையாட்டு ஏன் நிக்குது?

சனிக்கிழமை காலை பத்து மணி. சிட்னியில் ஆடி மாதக் குளிர். ரொறன்ரோவில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. கிழமைக்கு ஒரு தடவை, இந்த நேரத்தில்தான் ஆரனும் அவனுடைய மச்சான் கவினும் இணையத்தில் சேர்ந்து விளையாடுவார்கள். கவின், மாமாவின் மகன். இருவரும் நேரில் சந்தித்து மூன்று வருடமாகிவிட்டது.

அன்று இருவரும் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கவினின் உருவம் அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு ஒரே தாவலில் மறுகரையில் தோன்றியது. ஆரன் ஒரு கட்டையை வைத்தான். கட்டை வரவில்லை. அது வந்தபோது அவன் நெருப்புக் குழிக்குள் விழுந்து முடிந்துவிட்டான்.

"மச்சான், ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான். நான் போகட்டா?" என்று கவின் கேட்டான்.

ஆரனுக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் தங்கச்சி யாழினி டப்லெட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாழினி! அதை நிப்பாட்டு! உன்னாலதான் என்ர விளையாட்டு நிக்குது!"

யாழினி டப்லெட்டை மூடிவிட்டு அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டு அப்பா வந்தார்.

"அவள் நிப்பாட்டிட்டாள். இப்ப சரியோ?"

"இல்லை அப்பா. இன்னும் அப்பிடித்தான்."

"அப்ப ஏன் பிள்ளையைப் பேசினனீ? முதல்ல பிழை எங்கை எண்டு பாப்பம். பிங் எவ்வளவு காட்டுது?"

நாம் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தி விளையாட்டை நடத்தும் கணினிக்குப் போக வேண்டும். அந்தக் கணினியைச் சேர்வர் என்பார்கள். அங்கிருந்து பதில் திரும்பி வர வேண்டும். போய்வர எடுக்கும் நேரம்தான் பிங். அதை மில்லிசெக்கனில் அளப்பார்கள். ஒரு செக்கனில் 1000 மில்லிசெக்கன் உண்டு.

திரையின் மூலையில் எண்கள் குதித்தன: 260, 710, 310, 900.

"எண் பெரிசா இருக்கிறதை விட, இப்பிடிக் குதிக்கிறதுதான் கூடாது," என்றார் அப்பா. "வீடியோவுக்கு இது தெரியாது. கார்ட்டூனில அடுத்து வாற கொஞ்சப் பகுதியை டப்லெட் முன்கூட்டியே வாங்கி வைச்சிருக்கும். ஆனால் கவின் அடுத்ததா எந்தப் பக்கம் பாய்வான் எண்டு ஆருக்குத் தெரியும்? அதை முன்கூட்டியே வாங்கேலாது."

இருவரும் ரவுட்டரைத் தேடிப் போனார்கள். அது குசினியில் மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா புட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். பழைய வகை வைஃபை அலையும் மைக்ரோவேவ் அலையும் ஏறக்குறைய ஒரே அளவானவை, இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ். அதனால் ஒன்று மற்றொன்றைக் குழப்பும். அப்பா ஒரு நீளமான கேபிளை எடுத்துக் கணினியையும் ரவுட்டரையும் நேரடியாக இணைத்தார். கேபிளுக்குச் சுவரும் தெரியாது, புட்டும் தெரியாது.

எண்கள் கொஞ்சம் அடங்கின. ஆனாலும் இடைக்கிடை 600 வரை ஏறின.

"வீட்டில வேற ஆர் இணையம் பாவிக்கினம்?" என்று அப்பா கேட்டார்.

யாழினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பான்ர ஃபோன்!" என்றாள்.

உண்மைதான். போன கிழமை ஒரு கல்யாணத்தில் எடுத்த 800 படங்களை அப்பாவின் ஃபோன் இணையச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பல வீடுகளில் தகவல் உள்ளே வரும் வழி அகலம். வெளியே போகும் வழி ஒடுக்கம். தபால் கந்தோரில் பெரிய பார்சல்களோடு ஒருவர் முன்னால் நின்றால், ஒரேயொரு கடிதத்தோடு நிற்பவரும் காத்திருக்கத்தானே வேண்டும்? ஆரனின் கட்டைகள் அப்படித்தான் காத்திருந்தன.

அப்பா ஒன்றும் பேசாமல் ஃபோனை நிறுத்தினார். எண் 220இல் அசையாமல் நின்றது.

"220 ஏன் இன்னும் குறையேல்லை?" என்று ஆரன் கேட்டான்.

"கவின் தெரிஞ்ச சேர்வர் எங்கை இருக்கு?"

"ரொறன்ரோவில."

அப்பா ஒரு தாளில் கணக்குப் போட்டார். சிட்னியிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 15,500 கிலோமீற்றர். கடலுக்கு அடியில் போகும் கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் ஓடும். போய்வர 31,000 கிலோமீற்றர். அதற்கே 155 மில்லிசெக்கன் வேண்டும். கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. வழியிலும் பல இடங்களில் தரித்துத்தான் தகவல் போகும். எவ்வளவு காசு கொடுத்து வேகமான இணையம் வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது.

"ஆனால் ரெண்டு பேரும் பங்கு போடலாம்," என்றார் அப்பா.

அவர்கள் லொஸ் ஏஞ்சலீஸிலுள்ள சேர்வருக்கு மாறினார்கள். ஆரனின் பிங் 160 ஆகக் குறைந்தது. கவினுடையது 15இலிருந்து 70 ஆகக் கூடியது.

"பரவாயில்லை மச்சான், வா!" என்றான் கவின்.

ஆரன் திரும்பிப் பார்த்தான். யாழினி வாசலிலேயே நின்றாள்.

"சொறி, யாழினி."

"அப்ப நானும் ஒரு பாலம் கட்டுவன்," என்றாள் அவள், கதிரையை இழுத்துக்கொண்டு.

பயிற்சி

1. "நிக்குது" என்று பேசுவோம். "நிற்கிறது" என்று எழுதுவோம். இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்: என்ர, எங்கை, பாப்பம், வாங்கேலாது, குறையேல்லை.

2. கார்ட்டூன் தடைப்படாமல் ஓடியபோதும் விளையாட்டு மட்டும் ஏன் நின்றது? இரண்டு வசனங்களில் எழுதுங்கள்.

3. வேறு நாட்டில் இருக்கும் உங்கள் உறவினர் ஒருவரின் ஊர் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? அப்பா போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

4. யாழினி அழுததற்கு ஆரன் காரணமா, அப்பாவின் ஃபோன் காரணமா? வகுப்பில் பேசுங்கள்.