அடிவயிற்றைப் படமெடுங்கள்: ஆம்பூர்ப் பக்கம் டரான்டுலாவைக் கண்டால்

டேனரி ஷெட்டுச் சுவரிலோ விறகுக் குவியலிலோ உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி ஒட்டியிருந்தால் துடைப்பத்தைத் தேடாதீர்கள், போனை எடுங்கள்.

முதலில், அது டரான்டுலாதானா? வீட்டுக்குள் சப்பையாக ஒட்டிக்கொண்டு, கிட்டே போனால் பக்கவாட்டில் ஓடுவது பெரும்பாலும் வேட்டைச் சிலந்தி. டரான்டுலாவுக்குக் கால்கள் கனத்திருக்கும், மயிர் அடர்ந்திருக்கும், எட்டுக் கண்களும் ஒரே சிறு மேட்டில் நெருங்கியிருக்கும். நச்சுப்பற்கள் இணையாக மேலிருந்து கீழே இறங்கும். சாதாரணச் சிலந்திக்கு அவை குறுக்கே எதிரெதிராக வந்து சேரும்.

அடுத்து, எங்கே இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய புளியமரப் பொந்தில், முதுகில் கோலம் போன்ற வரிகளோடு இருந்தால் பொய்சிலோதீரியா பேரினமாக இருக்கலாம். மண் வளையில் வாழும் பழுப்பு நிறச் சிலந்தி என்றால் வேறு பேரினம். அதைப் படத்தை மட்டும் பார்த்து இனம்வரை சொல்பவரை நம்ப வேண்டாம்.

பொய்சிலோதீரியாவின் அடையாளம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் முதுகையே எடுத்து அனுப்புகிறார்கள். வாய் அகன்ற கண்ணாடி டப்பாவால் மெதுவாக மூடி, கெட்டி அட்டையைச் சுவரோடு உள்ளே நகர்த்துங்கள். டப்பாவை நிமிர்த்தி, அடியிலிருந்து படமெடுங்கள். அளவு தெரிய டப்பாவின் பக்கத்தில் ஒரு நாணயம். முதல் ஜோடிக் காலின் அடிப்பக்கம், கடைசி ஜோடியின் அடிப்பக்கம், அடிவயிறு மூன்றும் தெளிவாக விழ வேண்டும். கையால் தொடவே கூடாது. அமெரிக்க டரான்டுலாக்கள் உதறும் அரிப்பு மயிர் நம்மூர் டரான்டுலாக்களுக்குக் கிடையாது. ஆனால் பொய்சிலோதீரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வாட்டலாம். கடிபட்டால் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முதல் ஜோடிக் காலின் அடியில் பளிச்சென்ற மஞ்சளும், அடிவயிற்றின் குறுக்கே வெளிறிய பட்டையும் இருந்தால் பொய்சிலோதீரியா ரெகாலிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். விலங்கியலாளர் போகாக் 1899இல் விவரித்த இந்த இனத்தின் மூலமாதிரி (இனத்துக்குப் பெயரிட அடிப்படையான சிலந்தி) அரக்கோணத்தில் கிடைத்தது. நம் வட தமிழ்நாட்டு ஊர்தான். அதற்காகப் பார்த்ததையெல்லாம் ரெகாலிஸ் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு அவர் விவரித்த இன்னொரு பொய்சிலோதீரியா இனமான ஃபார்மோசா சேலம் பக்கத்தது. குஞ்சுகளில் இந்தக் குறிகள் தெளிவாக இருக்காது.

சிலந்தி லாரியிலோ ரயிலிலோ வந்திருந்தால் அதையும் குறியுங்கள். நீல நிறப் பொய்சிலோதீரியா மெட்டாலிகாவின் முதல் மாதிரி ஆந்திராவின் குத்தி ஊரில் ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்தது. அது வாழும் காடோ அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ரயிலில் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். இறங்கிய ஊரையே சொந்த ஊராக எழுதிவைத்தால் பின்னால் தேடுபவர்கள்தான் அலைவார்கள்.

உறுதியான பெயர் வேண்டுமென்றால் சிலந்தி உரித்துப்போட்ட தோல் உதவும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்பின் உள்வடிவம் அதில் ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியில் அதையும் பார்த்துத்தான் வல்லுநர்கள் முடிவுக்கு வருகிறார்கள். பிய்க்காமல் காகித உறையில் போட்டு, தேதியும் இடமும் எழுதி, வனத்துறையிடம் சொல்லிவிட்டு, கல்லூரி விலங்கியல் துறைக்கோ சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துக்கோ கொடுங்கள்.

படம் எடுத்த கையோடு, கண்ட இடத்துக்கு அருகிலுள்ள பெரிய மரத்தடியில் விட்டுவிடுங்கள். வளர்க்க ஆசைப்பட வேண்டாம். பொய்சிலோதீரியா முழுவதும் 2019 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2022இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அப்படிப்பட்ட உயிர்களைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டது. பொதுவெளியில் படம் போட்டால் ஊர்ப்பெயர் போதும், மரம் இருக்கும் இடம் வேண்டாம். வெளிநாட்டு வளர்ப்புச் சந்தைக்குப் பிடித்து அனுப்புகிறவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.