காணாக் கடையின் ஏலம்

நுழையும்முன்

ஏலம் நம் ஊர்களுக்குப் பழகிய விற்பனைமுறை. மீன்பிடித் துறைமுகத்திலும் பருத்தி விற்பனைக்கூடத்திலும் ஏலச்சீட்டு நடக்கும் வீட்டுத் திண்ணையிலும் அதனைக் காணலாம். அந்த ஏலம் இணையத்திற்குச் சென்றபோது பொருள் கண்ணுக்கு மறைந்தது, விற்பவரும் மறைந்தார், உடன் கேட்பவர் யாவர் என்பதும் தெரியாமற்போயிற்று. அம்மறைவில் பிறக்கும் ஏமாற்றுகளையும் வாங்குவோர்க்குச் சட்டம் தரும் காப்பினையும் இப்பாடம் விளக்குகிறது.

கரையில் நிகழும் ஏலம்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திற்குப் படகுகள் திரும்பும் வேளையில் சென்று பாருங்கள். கூடையிலிருந்து மீன் தரையில் கொட்டப்படுகிறது. ஏலம் கூறுபவர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குகிறார். வாங்க வந்தவர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மீள்கிறதா என்று நோக்கிய பின்னரே வாய் திறக்கிறார். அவர் ஒரு தொகை கேட்டால், அதற்குமேல் கேட்பவர் யார் என்பதை அனைவரும் காண்கின்றனர். விற்பவரின் மைத்துனர் விலையை உயர்த்துவதற்காகவே கூட்டத்தில் நின்றால், அவரை அங்குள்ளோர் எளிதில் அறிந்துகொள்வர். மேலும், விற்பவரும் வாங்குபவரும் மறுநாள் அதே கரையில் சந்தித்தாக வேண்டும். ஏமாற்றுக்கு அங்கே இடம் குறைவு. அறவே இல்லை என்று கூறிவிட முடியாது.

'ஏலம்' என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்பர். சொல் புதிதாயினும், வணிகத்தில் நேர்மை வேண்டும் என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் பழையது. காரைக்காலுக்கு வடக்கே, காவிரி கடலோடு கலக்குமிடத்தில் இருந்த புகார் நகரத்து வணிகர்கள், பெறுவதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இன்றி வாணிகம் செய்ததைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது.

ஆயினும், விற்பவர் சொல் மாறுவதும் காரைக்காலுக்குத் தெரியாத செய்தியன்று. இவ்வூர் பிரெஞ்சியர் கைக்குச் சென்றதே அத்தகைய ஒரு விற்பனையால்தான். தஞ்சை அரியணையை இழந்திருந்த சாகுஜி, 1738இல் பணம் பெற்றுக்கொண்டு காரைக்காலைத் தருவதாக ஒப்பினார். அரியணை மீண்டதும் ஒப்படைக்கத் தயங்கினார். கூடுதல் தொகையும் வேண்டினார். பிரெஞ்சியர் 1739 பிப்ரவரியில்தான் ஊரைப் பெற்றனர். படைவலிமை உடைய வாங்குநர்க்கே அந்நிலை நேர்ந்தது.

இணையத்திற்கு வந்த ஏலம்

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்னும் கணினி வல்லுநர் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதில் முதன்முதலாக விற்ற பொருள், பழுதுபட்ட ஒரு லேசர் சுட்டுக்கருவி. அது 14.83 டாலருக்கு விலைபோயிற்று. பழுதுபட்டது என்று விற்பவரே அறிவித்திருந்தும் வாங்க ஒருவர் இருந்தார். அத்தளமே பின்னாளில் 'ஈபே' எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'பாஸீ' என்னும் ஏலத் தளத்தை 2004இல் ஈபே விலைக்கு வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இன்று பழங்காசுகள், அஞ்சல்தலைகள், பயன்படுத்திய பொருள்கள், அரசுத்துறைகள் கழித்துவிடும் வாகனங்கள் போன்றவை வெவ்வேறு தளங்களில் ஏலம் விடப்படுகின்றன.

இந்தியத் தளம் இயங்கிய காலத்தில் 'பைசாபே' என்னும் ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் செலுத்திய தொகையைத் தளம் தன்னிடம் நிறுத்திவைத்து, பொருள் சேர்ந்த பின்னரே விற்பவருக்கு விடுவித்தது. இரு தரப்பினரும் நம்பும் ஊர்ப் பெரியவரிடம் பணத்தைக் கொடுத்துவைக்கும் பழைய வழக்கத்தின் இணைய வடிவம் என்று இதனைக் கூறலாம். ஏமாற்ற எண்ணும் விற்பவர் முதலில் தகர்க்க முயல்வதும் இந்த ஏற்பாட்டையே. "தளத்தின் வழியே செலுத்தினால் கட்டணம் மிகுதி; நேரே என் கணக்கிற்கு அனுப்பினால் விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொல்வாராயின், அவர் குறைப்பது விலையை மட்டுமன்று, உங்கள் காப்பையும் என்று உணர்க. தளத்திற்கு வெளியே சென்ற பணத்திற்குத் தளம் பொறுப்பேற்பதில்லை.

ஒரு செப்புக்காசை முன்வைத்து

பிரெஞ்சியர் காலத்துச் செப்புக்காசுகளுள் ஒருபுறம் 'புதுச்சேரி' என்றும் மறுபுறம் 'காரைக்கால்' என்றும் தமிழில் பொறிக்கப்பட்டவை உண்டு. அத்தகைய காசு ஒன்று இணைய ஏலத்திற்கு வந்துள்ளதாகவும், அதனை வாங்க விரும்பும் காரைக்கால் மாணவர் ஒருவர் தம் தந்தையின் இசைவோடு கேட்பதாகவும் கொள்வோம்.

பல தளங்களில் ஒவ்வொரு முறையும் தொகையை உயர்த்திக் கேட்க வேண்டியதில்லை. நம்மால் இயன்ற உச்சத் தொகையை மட்டும் பதிவுசெய்தால் போதும். பிறர் கேட்கக் கேட்க, நமக்காகத் தளமே சிறிது சிறிதாக உயர்த்தும். மாணவர் தம் உச்சத் தொகையை 5000 ரூபாய் எனக் குறித்துள்ளார். மெய்யாகவே வாங்க விரும்பும் மற்றொருவர் 2100 ரூபாயோடு நின்றுவிடுகிறார். ஏலப்படி ஒன்று 50 ரூபாய் எனின், மாணவர் 2150 ரூபாய்க்குக் காசினைப் பெற வேண்டும். வெல்பவர் தருவது தம் உச்சத் தொகையையன்று. இரண்டாமவர் கேட்ட தொகைக்குச் சற்று மேலான தொகையையே. இவ்வகை ஏலத்தின் இயல்பைப் பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்து எழுதினார்; 1996இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கேதான் ஏமாற்று நுழைகிறது. விற்பவர் வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கித் தம் பொருளைத் தாமே கேட்கிறார். 3000, 4000, 4900 என உயர்த்துகிறார். மாணவர் செலுத்த வேண்டியது இப்போது 4950 ரூபாய். போலியாகக் கேட்டவர் வாங்கவே வரவில்லை; ஆயினும் மாணவரின் இழப்பு 2800 ரூபாய். ஒருவேளை போலிக் கணக்கே 5000 ரூபாயைத் தாண்டி வென்றுவிட்டால், இரண்டு நாள் கழித்து விற்பவர் மடல் எழுதுவார்: "வென்றவர் பணம் கட்டவில்லை, அடுத்த நிலையிலிருந்த உங்களுக்கே தருகிறேன்." இத்தகைய மடல் நேர்மையான விற்பவரிடமிருந்தும் வரக்கூடும். ஆகவே மடலை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. முன்பு வென்றவர் அதே விற்பவரின் வேறு பொருள்களையும் விடாமல் கேட்டு, ஒன்றையும் வாங்காமல் விலகியிருந்தால் ஐயம் வலுப்பெறும்.

இவ்வகை ஏமாற்றுள் உலகெங்கும் பேசப்பட்டது 2000ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், பழம்பொருள் விற்பனை ஒன்றில் தற்செயலாகக் கிடைத்தது என்று கூறி ஓர் ஓவியத்தை 25 சென்ட் தொடக்க விலையில் ஏலத்திற்கு வைத்தார். ஓவியர் பெயரை அவர் எங்கும் குறிப்பிடவில்லை. ஆனால் ரிச்சர்டு டீபென்கார்ன் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் பெயரெழுத்துகளையும் 52 என்னும் எண்ணையும் நிழற்படத்தில் தெரியுமாறு விட்டிருந்தார். 'விற்பவர் அறியாத மதிப்பை நாம் கண்டுகொண்டோம்' என்று கேட்பவர் ஒவ்வொருவரும் எண்ணினர். தொகை 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்பவர் வேறு பெயரில் தம் ஏலத்திலேயே கேட்டிருந்ததை அறிந்த ஈபே அவ்விற்பனையை நீக்கியது. மறுஆண்டில் அவர் மீதும் கூட்டாளிகள் இருவர் மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நேரடிப் பொய் மிகச் சிலவே. மீதியை வாங்க வந்தோரின் ஆசை பார்த்துக்கொண்டது.

நம் நாட்டில் பழங்காசுகளைச் சுற்றி மறுதலையான ஏமாற்றும் நடக்கிறது. "உங்களிடமுள்ள பழைய நாணயத்தைப் பல இலட்சத்திற்கு வாங்குகிறோம், முதலில் வரியும் தரகும் கட்டுங்கள்" என்பர். தன் பெயரையும் இலச்சினையையும் சிலர் இவ்வாறு முறைகேடாகப் பயன்படுத்துவதாகவும், இத்தகைய விற்பனைகளுக்குத் தான் எந்தக் கட்டணமும் பெறுவதில்லை எனவும் இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

தெரிந்து தெளிவோம்

நூறாண்டிற்குக் குறையாத பழமையுடைய நாணயங்கள், தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972இன்படி தொல்பொருள்களாகக் கருதப்படும். அவற்றை விற்கும் தொழில் நடத்த உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம்.

நற்சான்றின் மதிப்பு

முகமறியாதவரை நம்புவதற்கு வழியாக, வாங்கியவர் விற்றவர்க்கு மதிப்பெண் அளிக்கும் முறையை ஈபே 1996இல் கொண்டுவந்தது. பிற தளங்களும் அதனைப் பின்பற்றின. பயனுள்ள முறைதான், எனினும் ஓட்டையற்றதன்று. தொடக்கத்தில் இரு தரப்பாரும் ஒருவர்க்கொருவர் மதிப்பெண் அளித்தனர். குறை கூறினால் பதிலுக்குத் தமக்கும் குறை வந்துசேரும் என்று வாங்கியோர் பலர் வாய் மூடியிருந்தனர். 2008இல் விற்பவர் வாங்கியவரைக் குறைகூறும் உரிமையை ஈபே நீக்கியது. மற்றோர் ஓட்டை இன்றும் அடைபடவில்லை. பத்து ரூபாய்ப் பொருள்களை நூறு பேருக்கு ஒழுங்காக அனுப்பி நற்சான்று திரட்டியபின், ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளைக் காட்டிப் பணத்தோடு மறைபவர் உளர். எத்தனை பேர் பாராட்டினர் என்பதைவிட, எத்தகைய பொருளுக்காக, எப்போது பாராட்டினர் என்பதே நோக்கத்தக்கது.

ஐயமும் குற்றமும் ஒன்றல்ல என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிமுகச் சாலைகள் மூழ்கினால் அஞ்சல் காலந்தாழ்வது இயல்பு. பொருள் வரவில்லை என்பதற்காக விற்பவரை மோசடிக்காரர் எனப் பொதுவெளியில் எழுதிவிட்டால், அவர் நேர்மையானவராக இருக்குமிடத்து அவதூறு வழக்கை நாமே எதிர்கொள்ள நேரும். அனுப்பியதற்கான எண்ணைக் கேட்பதும், விடையைத் தளத்தின் செய்திப்பகுதியிலேயே எழுத்தாகப் பெறுவதும் முதற்படி. எண்ணைத் தர மறுத்து, உரையாடலைத் தனிச்செயலிக்கு மாற்றச் சொல்லி, மேலும் பணம் கேட்பவர் மீது ஐயம் கொள்வதில் தவறில்லை.

சட்டம் தரும் காப்பு

ஏலம் பற்றிய விதிகள், இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே சரக்கு விற்பனைச் சட்டம், 1930இல் இடம்பெற்றுவிட்டன. விலையை உயர்த்துவதற்காக விற்பவர் போலிக் கேட்பினைப் பயன்படுத்தினால், வாங்கியவர் விரும்பின் அவ்விற்பனையை விலக்கிக்கொள்ளலாம் என்கிறது அதன் 64ஆம் பிரிவு. முன்னர்க் கண்ட மாணவரின் காசுக்கும் இவ்விதி பொருந்தும். மெய்ப்பிப்பதுதான் கடினம், போலிக் கணக்கை நடத்தியவர் யார் என்பது தளத்திற்கே தெரியும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இணையவழி வாங்குவோரையும் நுகர்வோராக ஏற்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி முதலியவற்றைத் தளம் வெளியிட வேண்டும் என்கின்றன. விற்பவர் தம்மை நுகர்வோர் போலக் காட்டி மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் முறையீட்டைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். ஆனால், இடையிடையே தம் பழைய பொருளை விற்கும் தனியாளுக்கு இவ்விதிகள் பொருந்தா. ஏலத் தளங்களில் விற்போருள் இத்தகையோர் பலர் ஆதலின், இது சிறிய விலக்கன்று. கேட்பதற்கு முன்னரே, விற்பவர் வணிகரா தனியாளா என்று பார்த்துக்கொள்வது நலம். மறுவிற்பனைக்காக வாங்குபவரும் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகார்.

காரைக்கால் போன்ற ஊருக்கு இச்சட்டத்தின் மிகப்பெரிய நன்மை வேறொன்று. வாஞ்சூர் எல்லையைக் கடந்து நாகூருக்குச் சென்றாலே நாம் வேறு மாநிலத்தில் இருக்கிறோம். விற்பவரோ பெரும்பாலும் மும்பையிலோ தில்லியிலோ இருப்பார். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, எதிர்த்தரப்பினர் இருக்குமிடத்தில் அல்லது வழக்குக்குரிய காரணம் நிகழ்ந்த இடத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக மும்பைக்குச் செல்பவர் யார்? புதிய சட்டம், முறையிடுபவர் வாழும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்தது. ஆகவே காரைக்காலில் வாழ்பவர் தம் இருப்பிடத்திற்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே அணுகலாம். பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரை எனின் கட்டணம் இல்லை. வழக்கறிஞரின்றித் தாமே வாதிடலாம். இணையவழியும் முறையீடு அளிக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அளித்தல் வேண்டும். அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பார்ப்பது வழக்கம். பல குறைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

ஏலப் பதிவின் படமும் விளக்கமும், கேட்புகளின் வரிசை, பணம் செலுத்திய சான்று ஆகியவற்றை ஏலம் முடிந்த அன்றே சேமித்துவைக்க வேண்டும். விற்பவர் பதிவை நீக்கிவிட்டால் பின்னர்த் தேடியும் கிடைக்காது. பொதி வந்ததும் அதன் மேலுறையில் உள்ள எடையையும் முகவரியையும் காட்டி, பிரிப்பதைத் தொடர்ச்சியாகக் காணொளியில் பதிவுசெய்தல், வெற்றுப்பெட்டி வந்தது என்று மெய்ப்பிக்கப் பெரிதும் உதவும்.

பணம் பறிபோனது திட்டமிட்ட மோசடியால் என்று தெரிந்தால் ஆணையத்திற்காகக் காத்திருத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். (ஏலச் சட்டம் பிறந்த ஆண்டும் இதுவேயாதலால் நினைவில் வைப்பது எளிது.) பணம் வங்கிவிட்டு வங்கி தாவுவதற்குமுன் தகவல் சென்றால் அதனை முடக்கிவைக்க இயலும், தாமதித்தால் கணக்கில் எஞ்சியிருப்பது ஒன்றுமிராது. கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் நடைபெறும் மீன் ஏலம், பருத்தி ஏலம், ஏலச்சீட்டு ஆகியவற்றுள் ஒன்றை நேரில் கண்டு, அங்குப் போலிக் கேட்பினைத் தடுக்கும் வழக்கங்கள் யாவை எனக் கேட்டறிந்து வகுப்பில் பேசுக. பின்னர், 4950 ரூபாய் செலுத்திய மாணவரின் இடத்தில் உங்களை வைத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு முறையீட்டு மடல் எழுதுக.