ஊர் புதிது, எண் பழையது

ஐதராபாத் நகரின் ஒரு பகுதி குஷாய்குடா. இங்கே தொழிற்சாலைகள் பல உண்டு. 1967இல் தொடங்கிய இ.சி.ஐ.எல். என்ற மத்திய அரசு நிறுவனமும் அருகில் உள்ளது.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் இளம் குடும்பம் இங்கே குடிவருகிறது என்று வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, எட்டு வயது மகள். மனைவி இப்போதுதான் தமிழ் படிக்கக் கற்றவர். இங்கே பேருந்துப் பலகையில் தெலுங்கு எழுத்து. 'படித்தும் பயனில்லையே' என்று மனம் சோரும்.

சோர வேண்டாம். 1, 2, 3 இங்கும் அதேதான். பேருந்து எண், வீட்டு எண், பொருளின் விலை எல்லாவற்றையும் படிக்கலாம். ஆம்புலன்சை அழைக்க இங்கும் 108தான்.

பேச்சும் தூரமில்லை. தெலுங்கிலும் உப்பு, உப்புதான். பால் 'பாலு'. தண்ணீர் 'நீள்ளு'. பருப்பு 'பப்பு'. அரிசி மட்டும் வேறு. அது 'பிய்யம்'. கடையில் 'எந்த?' என்று கேளுங்கள். 'எவ்வளவு?' என்று பொருள்.

மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆகலாம். அதற்காக அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது.

மகள் பள்ளியில் தெலுங்கு எழுத்துக் கற்பாள். மாலையில் தாயும் அவளோடு உட்காரலாம். ஓர் எழுத்தைக் கற்ற கை, இன்னோர் எழுத்தையும் கற்கும்.

பயிற்சி

1. 'எந்த?' என்ற தெலுங்குச் சொல்லின் பொருள் என்ன?
2. உங்கள் வீட்டு எண்ணை எழுதுங்கள்.
3. உங்கள் தெருவுக்கு வேற்று மொழிக் குடும்பம் வந்தால், முதலில் எந்தச் சொற்களைச் சொல்லித் தருவீர்கள்?